தூக்கத்தில் நடந்த கதைகள்

குழந்தைகளுக்குப் புத்தகம் எழுதுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் ஓரிடத்தில் கூடினால் எதைப் பற்றிப் பேசுவார்கள் என்று நேயர்கள் நினைக்கிறீர்கள்? முயலையும் ஆமையையும் பற்றிப் பேசுவார்கள், அல்லது பாரத தேசத்தின் வருங்காலப் பிரஜைகளை எவ்விதம் உருவாக்குவது என்று ஆலோசிப்பார்கள் என்று நினைத்தால் அது பெரும் பிழை. முதல் ஒரு மணி நேரம், பதிப்பாளர்கள் கொடுக்காத பணத்தைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டாவது மணி நேரம், அந்த இடத்துக்கு வராத எழுத்தாளர்களைப் பற்றிப் பேசுவார்கள். மூன்றாவது மணி நேரத்தில்தான் குழந்தை வெளியே வரும்.

சென்ற மாதம் மயிலாப்பூரில் ஒரு நண்பர் வீட்டுக் கூடத்தில் அப்படித்தான் நடந்தது. நமக்கும் அழைப்பு வந்திருந்தது. நாம் குழந்தைப் புத்தகம் எதுவும் எழுதியதில்லை. எழுதியவர்களின் புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதி, அவர்களில் சிலருடைய விரோதத்தைச் சம்பாதித்ததுதான் அந்தத் துறையில் நாம் செய்திருக்கும் சேவை. சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டு ஒரு சுற்று வந்து, மணி பத்தரை ஆகியிருந்தது. அப்போது உள் அறைக் கதவு திறந்து, நண்பருடைய பேத்தி வெளியே வந்தாள். எட்டு வயது. கையில் ஒரு தலையணை. கண்கள் நன்றாகத் திறந்திருந்தன. ஆனால் எங்களில் ஒருவரையும் அவள் பார்த்ததாகத் தெரியவில்லை. நேரே வாசலண்டை இருந்த செருப்பு அலமாரிக்குப் போனாள். அதைத் திறந்து, நம்முடைய பழைய ஜோட்டுக்குப் பக்கத்தில் தலையணையை மிகவும் ஜாக்கிரதையாகப் படுக்க வைத்தாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி, "எல்லாரும் டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்டாள்.

எங்களில் ஒருவருக்கும் பதில் சொல்லத் தோன்றவில்லை. நண்பருடைய மனைவியார் மட்டும் எழுந்து, "எடுத்தாச்சு கண்ணு, வா, வண்டி புறப்படறது" என்று தோளைத் தொட்டு மெல்ல உள்ளே அழைத்துப் போனார்.

அவ்வளவுதான். பதிப்பாளர்களை மறந்தோம், வராதவர்களையும் மன்னித்தோம். அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் சிறு வயதில் தூக்கத்தில் நடந்தவர்கள் என்பது அடுத்த ஐந்து நிமிஷத்தில் வெளியாயிற்று! மற்றப் பாதிப் பேருக்குத் தாங்கள் நடக்கவில்லையே என்ற வருத்தம் முகத்தில் தெரிந்தது.

முதலில் ஆரம்பித்தவர் கும்பகோணத்து அம்மையார். இவருடைய கதைகளைப் படித்து வளர்ந்த குழந்தைகள் இப்போது தங்கள் குழந்தைகளுக்கு அவற்றைப் படித்துக் காட்டுகிறார்கள். அவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது நடந்ததாம். அந்த வருஷம்தான் பாட்டி அவருக்கு வாசல் கோலம் போடும் உத்தியோகத்தைக் கொடுத்திருந்தாள். புதிய உத்தியோகஸ்தருக்கு உள்ள சிரத்தை அவருக்கும் இருந்தது. ஒரு நாள் இரவு சுமார் பதினோரு மணிக்கு எழுந்து, வாளியில் தண்ணீர் எடுத்து, வாசலில் தெளித்து, பதினைந்து புள்ளியில் ஒரு கோலத்தையும் போட்டுவிட்டு, திரும்பி வந்து படுத்துவிட்டார். தூக்கம் ஒரு கணமும் கலையவில்லை.

எதிர் வீட்டு மாமி தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டு விழித்தாள். கோலம் முடிந்திருப்பதைப் பார்த்தாள். "அடி, விடிஞ்சு போச்சு! நாம் இன்னும் தூங்கறோமே!" என்று தானும் வாளியைத் தூக்கினாள். அவளைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி. இப்படியே கோலம் தெருக்கோடி வரையில் போய்விட்டது. அடுப்புகள் மூட்டப்பட்டன. இரண்டு வீட்டில் காப்பி டிக்காக்ஷன் இறங்கிவிட்டது. ஒரு வீட்டுப் பெரியவர் குளித்து, விபூதி தரித்து, சந்தியாவந்தனத்துக்காக ஆற்றங்கரைக்கே புறப்பட்டுவிட்டார். கிழக்கு வெளுக்கவே இல்லையே என்ற சந்தேகம் முதலில் வந்தவர் அவர்தான். அவர் திரும்பி வந்து கடிகாரத்தைப் பார்த்தபோது மணி பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.

மறுநாள் தெருவில் பெரிய விசாரணை நடந்ததாம். குற்றவாளி கடைசி வரை அகப்படவில்லை. கை விரல்களில் ஒட்டியிருந்த கோல மாவைக் குற்றவாளியே காலையில் பார்த்து, சத்தம் போடாமல் கழுவிக்கொண்டுவிட்டாள்.

எழுத்தாளர்கள் பேசும்போது நாலில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டுக் கேட்பது நம் வழக்கம். குழந்தை எழுத்தாளர்கள் என்றால் பாதியைத் தள்ளுவோம். அப்படித் தள்ளினாலும் அரைத் தெரு மிஞ்சுகிறது.

இன்னொருவர் மாணவர் விடுதியில் நடந்து போய், விடுதித் தலைவருடைய கட்டிலில் அவருக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிய கதையைச் சொன்னார். இது எல்லா விடுதிகளிலும் நடந்திருக்கும் போலிருக்கிறது. நாமே மூன்று பேரிடம் கேட்டிருக்கிறோம். வேறொரு இளைஞர், அடுக்குமாடிக் கட்டடத்தில் ஆறாவது மாடியில் குடியிருந்தபோது, பள்ளிக்கூட உடுப்பும் புத்தகப் பையுமாக இரவு பதினொன்றரை மணிக்கு லிப்டில் கீழே இறங்கி, காவற்காரரிடம், "பஸ் வந்துவிட்டதா?" என்று விசாரித்தாராம். காலையில் எட்டு மணிக்கு எழுப்பினாலும் எழுந்திராத பிள்ளையாம் அவர். "விழித்துக்கொண்டிருக்கும்போது இவனுக்கு இந்தப் பொறுப்பு வரவேண்டாமோ?" என்று தாயார் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

நமக்கு மிகவும் பிடித்தது, திருச்சி நண்பர் தம்முடைய தகப்பனாரைப் பற்றிச் சொன்னது. 1942-ம் வருஷம், ஆகஸ்டு மாதம். 9-ந் தேதி பம்பாயில் காந்தி மகானையும் மற்றத் தலைவர்களையும் சர்க்கார் சிறைப்படுத்திய பிறகு தேசமெங்கும் தீப்பற்றிக்கொண்ட சமயம். தகப்பனாருக்கு அப்போது பத்து வயது. பாட்டனாரோ தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. தேசிய கீதங்கள் பாடக்கூடாது, ஊர்வலம் பக்கம் தலை வைத்தும் படுக்கக்கூடாது என்று வீட்டில் கண்டிப்பான உத்தரவு. பையனும் பகல் முழுவதும் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தே நடந்தான். இரவில் யார் உத்தரவு போடுவது? துணி உலர்த்தும் மூங்கிற் கழியில் தன் மேல்துண்டைக் கட்டிக்கொண்டு, வாசற் கதவைத் திறந்து, தெரு நடுவில் தனி ஆளாக ஊர்வலம் போனான். "வந்தே மாதரம்" என்று உரக்கக் கோஷமும் போட்டான்.

ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருவர் அவனைக் கண்டார். கிட்டத்தில் வந்து முகத்தைப் பார்த்தார். பையன் அவரை லட்சியம் செய்யாமல் தாண்டிப் போனான். அவரும் ஒன்றும் சொல்லாமல் பின்னாலேயே நடந்தார். அந்த ஊர்வலத்தின் ஜனத்தொகை இரண்டாயிற்று. பையன் தெருக்கோடியில் திரும்பி, வீட்டுக்கு வந்து, கழியைச் சுவரில் சாத்திவிட்டுப் படுத்துக்கொண்டான். பிறகுதான் போலீஸ்காரர் கதவைத் தட்டினார். பாட்டனாருக்குக் கை கால் ஆடிப் போயிற்று. போலீஸ்காரர், "ஐயா, தம்பி தூக்கத்திலே நடக்குது. கதவுக்கு மேல் தாழ்ப்பாள் போட்டுவையுங்க" என்றார். சிறிது தூரம் போனவர் திரும்பி வந்து, தணிந்த குரலில், "கோஷத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போடச் சொல்லுங்க" என்றாராம்.

சிரித்து ஓய்ந்த பிறகு, கூட்டத்தில் இருந்த வைத்தியர் பேச ஆரம்பித்தார். இவர் குழந்தைகளுக்காக உடற்கூறு பற்றி இரண்டு சிறு புத்தகங்கள் எழுதியவர். அவர் சொன்னதிலும், பிறகு நாம் படித்துத் தெரிந்துகொண்டதிலும் குழந்தை உள்ள வீடுகளுக்கு வேண்டிய விஷயம் நிறைய இருக்கிறது.

தூக்கத்தில் நடப்பவர்கள் கனவு கண்டு அதன்படி நடக்கிறார்கள் என்றே வெகு காலம் எல்லாரும் நம்பினார்கள். 1953-ம் வருஷத்தில் சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த அஸெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், தூக்கத்தில் ஒரு வகை உண்டென்றும், அதில் மூடிய இமைகளுக்குள்ளே கண்விழிகள் விரைவாக அசைகின்றன என்றும் கண்டுபிடித்து எழுதினார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அந்தத் தூக்கத்தில்தான் வருகின்றன. ஆனால் அந்த நேரத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்து செயலற்றுக் கிடக்கும். எழுந்து நடப்பது சாத்தியமில்லை. குழந்தை எழுந்து நடப்பது வேறு நேரத்தில். படுத்த ஒன்றிரண்டு மணிக்குள் வரும் மிக ஆழ்ந்த தூக்கத்திலிருந்து மூளை அரைகுறையாக விழிக்கிறது. நடக்கவும், கதவைத் திறக்கவும், கோலம் போடவும் வேண்டிய பகுதி எழுந்துவிடுகிறது. யோசிக்கவும் ஞாபகம் வைத்துக்கொள்ளவும் வேண்டிய பகுதி தூங்கிக்கொண்டேயிருக்கிறது. கும்பகோணத்தில் பதினோரு மணி, திருவல்லிக்கேணி அடுக்குமாடியில் பதினொன்றரை மணி, நம் கண்ணெதிரே மயிலாப்பூரில் பத்தரை மணி என்று எல்லாக் கதைகளும் முன்னிரவிலேயே நடந்ததன் காரணம் இதுதான். கதை சொன்னவர்கள் இதை அறியாமலே சொன்னதால், தள்ளிய பாதியில் கொஞ்சத்தைத் திரும்பச் சேர்த்துக்கொண்டோம்.

கனடா தேசத்தில் கெபெக் மாகாணத்தில் சுமார் 2,000 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பல வருஷம் தொடர்ந்து கவனித்து, 2015-ம் வருஷத்தில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பத்து வயதில்தான் இந்த நடை உச்சம்: நூற்றுக்குச் சுமார் 13 குழந்தைகள். தாய் தந்தை இருவரும் சிறு வயதில் நடந்திராவிட்டால், குழந்தைகளில் நூற்றுக்கு 22 பேருக்கு எப்போதாவது இது வருகிறது. ஒருவர் நடந்திருந்தால் 47. இருவரும் நடந்திருந்தால் 61. ஆகவே, பிள்ளை நடக்கிறான் என்று மனைவி குறைப்பட்டுக்கொண்டால், கணவர் தம் தாயாரிடம் தனியாக விசாரித்துவிட்டுப் பதில் சொல்வது நல்லது.

கண்ணை மூடிக்கொண்டு இரு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பதெல்லாம் சினிமாக்காரர் கற்பனை. கண் திறந்தே இருக்கும். எழுப்பினால் உயிருக்கு ஆபத்து என்பதும் வீண் பயம். எழுப்பப்பட்ட குழந்தை திகைக்கும், அழும், சில சமயம் அடிக்கவும் வரும், அவ்வளவுதான். எழுப்பாமல் மெல்லத் திருப்பிப் படுக்க வைப்பதே உத்தமம். நண்பருடைய மனைவியார் செய்தது முதல் தரமான வைத்தியம். காய்ச்சல், தூக்கக் குறைவு, மனக் கலவரம், சிறுநீர் முட்டுவது, திடீர்ச் சத்தம் இவையெல்லாம் நடையைத் தூண்டக்கூடும். தினமும் ஒரே நேரத்தில் நடக்கும் குழந்தையை, அந்த நேரத்துக்குக் கால் மணி அரை மணி முன்னதாகவே சில வாரம் எழுப்பி விட்டால் பலருக்கு நின்றுவிடுகிறது. பெரும்பாலும் வயது ஏற ஏறத் தானே போய்விடும். அடிக்கடி நடந்தாலோ, கை கால் வெட்டி இழுத்தாலோ, காயம் பட்டாலோ வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

ஆனால் ஒன்று. "தூக்கத்தில் நடக்கிறவன் விழமாட்டான், தெய்வம் காப்பாற்றும்" என்று நம்மவர்கள் சொல்வதுண்டே, அது மட்டும் சுத்தப் பொய். தெய்வத்துக்கு வேறு வேலை இருக்கிறது. வைத்தியர் இதைச் சொன்னபோது அவர் குரல் மாறியது. கோடைக் காலத்தில் மொட்டை மாடியில் படுக்கும் வீடுகளில், கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம் இருக்கும் மாடிகளில், நடக்கிற குழந்தையைப் படுக்க வைக்கவே கூடாது. கிணறு உள்ள கொல்லைக் கதவுக்குக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ் வேண்டும்.

இத்தனை நேரமும் மூலையில் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதைக் கடந்தவர். பிசாசுக் கதைகள் எழுதிக் குழந்தைகளைச் சிரிக்க வைப்பதில் பெயர் பெற்றவர். தம்முடைய தூக்க நடையைப் பற்றிய வேடிக்கைக் கதை ஒன்று அவரிடம் உண்டு. பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்படி எல்லாரும் கேட்டார்கள். அவர் சொன்னார். ஆனால் மேடையில் சொல்லும் விதமாகச் சொல்லவில்லை.

சோழவந்தானுக்கு அப்பால் அவருடைய கிராமம். ஒன்பது வயதில், படிப்புக்காக மதுரையில் அத்தை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அத்தை நல்லவர், சாப்பாட்டுக்கு ஒரு குறைவும் இல்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு, தினமும் இரவில் வாசற் கதவு திறந்து கிடக்கலாயிற்று. திருடன் என்றார்கள். பிறகு, வெள்ளையாக ஓர் உருவம் ரேழியில் நிற்பதைக் கண்டு பேய் என்றார்கள். பேய் என்பது தம் வீட்டுப் பிள்ளைதான் என்று தெரிந்தபோது, பிள்ளைக்குப் பேய் பிடித்திருப்பதாகச் சொன்னார்கள். விபூதி போட்டார்கள், தாயத்துக் கட்டினார்கள். இதுவரையில் மேடையில் சொல்வதுதான். பூசாரி மாதிரி அவர் நடித்துக் காட்டினால் சபை கொல்லென்று சிரிக்கும். தாயத்தும் பலிக்காமற் போகவே, ஒரு பழைய வேட்டியைத் திரித்து, காலைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அன்றிரவும் எழுந்து நடந்தார், முகங்குப்புற விழுந்தார். முன்பல் இரண்டும் போயின. மேடையில் இந்த இடத்தை அவர் சொல்வதில்லையாம்.

அந்த வீட்டில் அத்தையின் மாமியார் இருந்தார். அத்தை பிள்ளைகளைப் போலவே நம் நண்பரும் அவரை அப்பத்தா என்றுதான் கூப்பிடுவார். அப்பத்தா கட்டை அவிழ்த்தெறிந்துவிட்டு, தாமே வாசற் கதவுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டார். நள்ளிரவுக்கு முன் பையன் வந்து நின்றான். அப்பத்தா அவனைப் பிடிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. "எங்கேப்பா போறே?" என்று கேட்டார்.

"காரியை அவுத்து விடணும். பாலுக்குக் கத்துது" என்றான் பையன்.

காரி என்பது ஊரில் அவன் வளர்த்த கன்றுக்குட்டி. மறுநாளே அப்பத்தா தம் மகனைக் கூப்பிட்டு, சனிக்கிழமை தோறும் பையனைப் பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பச் சொன்னார். மூன்று வாரத்தில் கதவு திறப்பது நின்றுவிட்டது.

"பல வருஷம் கழித்து, குழந்தை இலக்கியம் என்று தேடிப் படித்தபோது 'ஹைடி' கையில் கிடைத்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை" என்றார் நண்பர்.

நேயர்களில் பலர் படித்திருப்பீர்கள். ஸ்விட்ஸர்லாந்தைச் சேர்ந்த ஜோஹன்னா ஸ்பிரி என்னும் மாதரசி 1880-ம் வருஷத்தில் ஜெர்மன் பாஷையில் எழுதிய கதை. மலைமேல் தாத்தாவோடும் ஆடுகளோடும் வாழ்ந்த ஹைடி என்ற சிறுமியை, பிராங்க்பர்ட் நகரத்துப் பணக்கார வீட்டில், நடக்க முடியாத கிளாரா என்ற பெண்ணுக்குத் துணையாகக் கொண்டுவந்து விடுகிறார்கள். தினமும் காலையில் அந்த வீட்டு வாசற் கதவு திறந்து கிடக்கிறது. பேய் என்று வேலைக்காரர்கள் நடுங்குகிறார்கள். வீட்டு எஜமானரும் அவருடைய வைத்திய நண்பரும் கைத்துப்பாக்கி சகிதம் இரவெல்லாம் காவல் காக்கிறார்கள். கடைசியில் அகப்படுவது வெள்ளை இரவு உடையில் வெறுங்காலோடு நிற்கும் ஹைடி. அந்த வைத்தியர் மருந்து ஒன்றும் எழுதிக் கொடுப்பதில்லை. குழந்தையை உடனே மலைக்குத் திருப்பி அனுப்பச் சொல்கிறார். மதுரையில் கைத்துப்பாக்கி இல்லை, வேட்டிக் கயிறு இருந்தது. வைத்தியர் இல்லை, அப்பத்தா இருந்தார். அந்த அம்மாள் ஸ்பிரியைப் படித்தவரல்ல. எழுத்து வாசனையே இல்லாதவர்.

சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு வீட்டுக்கார நண்பர், தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொன்னார். பேத்தியின் பள்ளிக்கூடத்தில் மைசூருக்கு மூன்று நாள் சுற்றுலா அழைத்துப் போகிறார்கள். அவள் வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். காரணம் கேட்டால் வயிற்றுவலி என்கிறாள். "வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், காலையில் இட்டிலி சாப்பிடும்போதெல்லாம், இவள் ராத்திரி செய்த கூத்தைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். அது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது" என்றார்.

இந்த விஷயத்தைக் குழந்தைகளுக்கு எழுதலாமா கூடாதா என்று அதற்குமேல் ஒரு விவாதம் எழுந்தது. எழுதினால் நடக்கிற குழந்தையை மற்றக் குழந்தைகள் கேலி செய்வார்கள் என்றார் ஒருவர். எழுதாவிட்டால் உலகத்திலேயே தான் ஒருத்திதான் இப்படி என்று அவள் நினைத்துக்கொள்வாள் என்றார் மற்றொருவர். நம்முடைய அபிப்பிராயம் இரண்டாவது கட்சி. சிரிப்பதில் பிழையில்லை, அவரவர் நடந்த கதையை அவரவர் சொல்லிச் சிரிக்கட்டும். பள்ளிக்கூடத்து ஆசிரியையிடம் முன்கூட்டியே சொல்லி, கீழ்த்தளத்து அறையில், அவருக்குப் பக்கத்தில் படுக்க ஏற்பாடு செய்தால் சுற்றுலாவுக்கு ஒரு தடையும் இல்லை என்று வைத்தியர் சொன்னார். விவாதம் பன்னிரண்டரை மணி வரையில் நடந்தது. நாம் புறப்படும்போது செருப்பு அலமாரியில் தலையணை அப்படியே இருந்தது. அதை எடுத்து நண்பரிடம் கொடுத்துவிட்டுத்தான் ஜோட்டை மாட்டிக்கொண்டோம்.

கும்பகோணத்து அம்மையார் அன்றிரவு அந்த வீட்டிலேயே தங்கினார். காலையில் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கோலக் கதையை முதலிலிருந்து சொன்னாராம். பெண் சிரிக்கவில்லையாம், மிகவும் கவனமாகக் கேட்டாளாம். "நிஜமாவே உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா, பாட்டி?" என்று இரண்டு தடவை கேட்டாளாம். கதை முடிந்ததும் சிறிது யோசித்துவிட்டு, "அப்போ, அந்த ரெண்டு வீட்டுக் காப்பியை யார் குடிச்சா?" என்றாளாம்.

அம்மையாருக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. ஐம்பது வருஷமாக இந்தக் கதையைச் சொல்லி வருகிறார். ஒருவரும் இதுவரையில் கேட்டதில்லையாம். சுற்றுலாவுக்குப் பணம் கட்ட இன்னும் பத்து நாள் தவணை இருக்கிறது.